கம்ப்யூட்டரை ஜெயிக்க இருந்த வழிகள்: ஒவ்வொன்றாக மூடிய கதவுகள்

அக்கா மகள் லீவுக்கு வீட்டுக்கு வந்திருந்தாள். 11 வயசு. இரண்டு வருஷமாக செஸ் கிளாஸ் போகிறாள். ஒரு நாள் சாயங்காலம் லேப்டாப்பில் ஏதோ ஒரு சர்வதேசப் போட்டியின் நேரலை ஓடிக்கொண்டிருந்தது. பலகைக்குப் பக்கத்தில் கறுப்பும் வெள்ளையுமாக ஒரு பட்டை ஏறி இறங்குமே, பார்த்திருப்பீர்கள். வெள்ளை ஏறினால் வெள்ளைக்குச் சாதகம், கறுப்பு ஏறினால் கறுப்புக்கு. பின்னால் இருந்து அதை ஆட்டிவைப்பது ஒரு செஸ் புரோகிராம்.

ஒரு கிராண்ட்மாஸ்டர் 20 நிமிஷம் யோசித்து ஒரு காயை நகர்த்தினார். பட்டை சடாரென்று கீழே விழுந்தது. இவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "என்ன மாமா, இது கூடத் தெரியாதா அவருக்கு? இவரெல்லாம் எப்படி கிராண்ட்மாஸ்டர் ஆனார்?"

"சரி, நீ சொல்லு. அது ஏன் தப்பு?" என்று கேட்டேன்.

பலகையைப் பார்த்தாள். பட்டையைப் பார்த்தாள். "கம்ப்யூட்டர் சொல்லுதே!"

அன்றைக்கு அவளுக்குச் சொல்ல ஆரம்பித்த கதையைத்தான் கொஞ்சம் விரிவாக, கொஞ்சம் ஒழுங்காக இங்கே எழுதி வைக்கிறேன். மனிதன் கம்ப்யூட்டரிடம் தோற்ற கதை எல்லோருக்கும் தெரியும். அதற்கு முன்னால் கிட்டத்தட்ட 30 வருஷம் மனிதன் அதை எப்படி எப்படியெல்லாம் ஜெயித்துக்கொண்டிருந்தான் என்ற கதை அவ்வளவாகத் தெரியாது. என்னைக் கேட்டால் அதுதான் சுவாரஸ்யமானது. ஏனென்றால் ஜெயித்த ஒவ்வொரு வழியும் அந்த இயந்திரத்தின் ஒரு பலவீனத்தைக் காட்டுகிறது. அந்தப் பலவீனத்தைச் சரிசெய்யும்போதெல்லாம் ஒரு கதவு மூடியிருக்கிறது.

இயந்திரம் என்னதான் செய்கிறது?

முதலில் இதைப் பார்த்துவிடுவோம். செஸ்ஸில் ஒரு சராசரி நிலையில் சுமார் 35 நகர்த்தல்கள் சாத்தியம். ஒவ்வொன்றுக்கும் எதிராளிக்கு 35 பதில்கள். அதாவது நான் ஒன்று, நீ ஒன்று என்று ஆடி முடிப்பதற்குள் 1,225 வழிகள். ஆளுக்கு இரண்டு என்றால் 15 லட்சம். ஆளுக்கு மூன்று என்றால் சுமார் 184 கோடி. இப்படிப் போனால் உலகத்தில் உள்ள எந்தக் கம்ப்யூட்டரும் திணறிப்போகும்.

ஆனால் எல்லாவற்றையும் பார்க்கவேண்டிய அவசியம் இல்லை. நான் ஒரு காயை நகர்த்தினால் எதிராளி என் ராணியைச் சும்மா வெட்டிவிடலாம் என்று தெரிந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அந்த நகர்த்தலுக்கு அவரிடம் இருக்கும் மற்ற 34 பதில்களை ஆராய்வது வீண் வேலை. அந்தக் கிளையை அப்படியே வெட்டிப் போட்டுவிடலாம். இதற்கு ஆல்பா-பீட்டா என்று பெயர். நல்ல நகர்த்தல்களை முதலில் பார்க்கும்படி வரிசைப்படுத்திவிட்டால், அந்த 184 கோடி சுமார் 86 ஆயிரமாகச் சுருங்கிவிடும். நம்பமுடியாத சேமிப்பு. விடையில் ஒரு மாற்றமும் இருக்காது.

இப்படி எட்டும் தூரம் வரை பார்த்துவிட்டு, கடைசியில் நிற்கும் நிலைக்கு ஒரு மதிப்பெண் போடும். சிப்பாய்க்கு 1, குதிரைக்கும் மந்திரிக்கும் 3, யானைக்கு 5, ராணிக்கு 9. ராஜா பத்திரமாக இருக்கிறாரா, சிப்பாய்கள் ஒழுங்காக நிற்கின்றனவா என்று கொஞ்சம் கூட்டிக் கழிக்கும். அவ்வளவுதான். கிளாட் ஷனன் 1950-இல் எழுதிய கட்டுரையிலேயே இந்த எலும்புக்கூடு இருக்கிறது. ஆலன் டூரிங் கம்ப்யூட்டரே கைவசம் இல்லாமல், காகிதத்தில் எழுதிய விதிகளின்படி தானே கணக்குப் போட்டு 1952-இல் ஒரு நண்பரோடு ஆடிப் பார்த்தார். புரோகிராம் தோற்றது.

பிறகு நடந்ததெல்லாம் இரண்டே விஷயம். இன்னும் தூரமாகப் பார்க்க வைப்பது. இன்னும் புத்திசாலித்தனமாக மதிப்பெண் போட வைப்பது.

லெவியின் பந்தயம்

1967-இல் எம்.ஐ.டி.யில் உருவான மேக் ஹேக் என்ற புரோகிராம் மனிதர்கள் ஆடும் போட்டிகளில் கலந்துகொள்ள ஆரம்பித்தது. செயற்கை அறிவு ஆராய்ச்சியைக் கடுமையாகக் கிண்டல் செய்துகொண்டிருந்த தத்துவப் பேராசிரியர் ஹியூபர்ட் டிரேஃபஸ் அதோடு ஒரு ஆட்டம் ஆடித் தோற்றார். அந்தத் துறைக்காரர்கள் ரொம்ப நாள் அதைச் சொல்லிச் சொல்லிச் சந்தோஷப்பட்டார்கள்.

அடுத்த வருஷம் எடின்பரோவில் ஒரு கூட்டம். டேவிட் லெவி என்ற 23 வயது ஸ்காட்லாந்து செஸ் ஆட்டக்காரர், செயற்கை அறிவுத் துறையின் முன்னோடிகளான ஜான் மெக்கார்த்தியோடும் டொனால்ட் மிச்சியோடும் பந்தயம் கட்டினார். இன்னும் 10 வருஷத்துக்குள் எந்தக் கம்ப்யூட்டரும் தன்னை ஒரு தொடரில் தோற்கடிக்க முடியாது என்று. ஆரம்பத்தில் ஆளுக்கு 250 பவுண்டு. பிறகு இன்னும் சிலர் சேர்ந்து மொத்தம் 1,250 பவுண்டு ஆனது.

1978-இல் கெடு முடியும் நேரத்தில் டொராண்டோவில் லெவி உட்கார்ந்தார். எதிரே அந்தக் காலத்தின் சிறந்த புரோகிராமான செஸ் 4.7. முதல் ஆட்டத்திலேயே லெவி தோற்கும் நிலைக்குப் போய், தட்டுத் தடுமாறி டிரா செய்தார். அப்புறம்தான் சுதாரித்துக்கொண்டார். கண்டுபிடித்த வழி ரொம்ப எளிமையானது: ஒன்றும் செய்யாமல் இருப்பது. தாக்கமாட்டார். காய்களை வெட்டிக்கொள்ளமாட்டார். தன் கோட்டைக்குள் உட்கார்ந்துகொண்டு சின்னச் சின்னதாக நிலையைச் சரிசெய்துகொண்டே இருப்பார்.

இது ஏன் வேலை செய்தது? அடிதடி நடக்கும் நிலையில், நாலைந்து நகர்த்தல் தள்ளி ஒரு காய் போகும் வரும் என்பதைக் கம்ப்யூட்டர் தவறாமல் பார்த்துவிடும். ஆனால் ஒன்றுமே நடக்காத நிலையில் அதற்கு எல்லா நகர்த்தலும் ஒரே மாதிரி தெரியும். அடுத்த 15 நகர்த்தலுக்கு என்ன செய்யப்போகிறோம் என்ற திட்டம் அதனிடம் கிடையாது. ஏதாவது நகர்த்தியே ஆகவேண்டும் என்பதால் எதையாவது நகர்த்தி, தன் நிலையைத் தானே கெடுத்துக்கொள்ளும். அதுவரை காத்திருந்தால் போதும்.

நாலாவது ஆட்டத்தில் லெவிக்கு ஓர் ஆசை. இதை அதன் வழியிலேயே அடித்துப் பார்த்தால் என்ன என்று வேண்டுமென்றே திறந்த, முரட்டு ஆட்டம் ஆடினார். தோற்றார். ஒரு சர்வதேச மாஸ்டரை முறையான போட்டி நேரத்தில் கம்ப்யூட்டர் தோற்கடித்தது அதுதான் முதல் தடவை. ஐந்தாவது ஆட்டத்தில் பழையபடி கோட்டைக்குள் போய் ஜெயித்து, 3½-1½ என்று பந்தயத்தை முடித்தார். 1984-இல் கிரே பிளிட்ஸ் என்ற சூப்பர் கம்ப்யூட்டர் புரோகிராமையும் இதே பாணியில் 4-0 என்று அடித்தார்.

1989-இல் டீப் தாட் வந்தது. லெவி 0-4 என்று தோற்றார். அதே மனிதர், அதே கோட்டை. ஆனால் கம்ப்யூட்டர் இப்போது கோட்டைச் சுவரைத் தாண்டிப் பார்க்கும் அளவுக்கு வளர்ந்துவிட்டிருந்தது.

தொடுவானமும் கடிகாரமும்

அந்தக் காலத்துப் புரோகிராம்களிடம் இன்னொரு வேடிக்கையான நோய் உண்டு. ஹான்ஸ் பெர்லினர் அதற்குத் தொடுவான விளைவு என்று பெயர் வைத்தார். அவர் தபால்வழி செஸ்ஸில் உலக சாம்பியன், கம்ப்யூட்டர் விஞ்ஞானியும் கூட.

புரோகிராமுக்கு 8 படி தூரம் தெரியும் என்று வைத்துக்கொள்வோம். 7-ஆவது படியில் தன் யானை போகப்போகிறது என்று பார்த்துவிட்டது. தப்பிக்க வழியே இல்லை. என்ன செய்யும்? ஒரு சிப்பாயைக் கொண்டுபோய் எதிராளிமேல் வீசும். அவர் அதை வெட்டியே ஆகவேண்டும். இப்போது யானை போகும் விஷயம் 9-ஆவது படிக்குத் தள்ளிப்போய்விட்டது. 9-ஆவது படி அதன் கண்ணுக்குத் தெரியாது. ஆகவே யானை தப்பிவிட்டது என்று நிம்மதியாகிவிடும்! கடைசியில் சிப்பாயும் போகும், யானையும் போகும். வட்டிக்கு மேல் வட்டி வாங்கி இந்த மாசத்தை ஓட்டுகிறவர் கதைதான்.

நகர்த்தல் சூடாக இருக்கும்போது பாதியில் நிறுத்தாமல், வெட்டுக்குத்து அடங்கும் வரை பார் என்று புரோகிராமில் சேர்த்தார்கள். நோய் முற்றிலும் போகவில்லை, ஆனால் பெரும்பாலும் அடங்கியது. இன்னொரு கதவு மூடியது.

அடுத்தது நேரம். வேகமான ஆட்டத்தில் மனிதன் சீக்கிரமே தோற்க ஆரம்பித்தான். 1994-இல் லண்டனில் நடந்த அதிவேகப் போட்டியில் செஸ் ஜீனியஸ் என்ற புரோகிராம், உலக சாம்பியன் காஸ்பரோவையே முதல் சுற்றில் வெளியேற்றியது. சாதாரண பென்டியம் கம்ப்யூட்டரில் ஓடிய புரோகிராம். அரையிறுதியில் அதை நிறுத்தியவர் நம்ம விஸ்வநாதன் ஆனந்த்.

அதே ஆனந்த் 1998-இல் இத்தாலியில் ரெபெல் 10 என்ற புரோகிராமோடு 8 ஆட்டங்கள் ஆடினார். மொத்தத்தில் 3-5 என்று தோற்றார். ஆனால் அதைப் பிரித்துப் பார்த்தால்தான் விஷயம் புரியும். நாலு மின்னல் வேக ஆட்டங்களில் 1-3. இரண்டு 15 நிமிஷ ஆட்டங்களில் ½-1½. 40 நகர்த்தலுக்கு 2 மணி நேரம் கொடுத்த இரண்டு நீண்ட ஆட்டங்களில் 1½-½ என்று ஆனந்துக்கே வெற்றி. ஒரே வாரத்தில், ஒரே இரண்டு பேருக்கு நடுவில், மூன்று விதமான முடிவு. மனிதனுக்கு நேரம் கொடுத்தால் அவன் ஆழமாகப் போகிறான். அவசரப்படுத்தினால் தப்புச் செய்கிறான். கம்ப்யூட்டர் அவசரத்திலும் தப்புச் செய்வதில்லை. உலகத்திலேயே மிக வேகமாக ஆடக்கூடியவர் என்று பெயர் எடுத்த ஆனந்துக்கே இந்தக் கதி என்றால் மற்றவர்கள் கதியை யோசித்துக்கொள்ளுங்கள்.

நியூயார்க், 1997

இனி எல்லோருக்கும் தெரிந்த கதை. தெரிந்த கதைதான் என்றாலும் அதில் ஒரு விஷயம் பலருக்கும் தப்பிப்போய்விடுகிறது.

1996 பிப்ரவரியில் ஃபிலடெல்பியாவில் ஐபிஎம்மின் டீப் புளூ முதல் ஆட்டத்திலேயே காஸ்பரோவை ஜெயித்தது. நடப்பு உலக சாம்பியன் முறையான நேரத்தில் கம்ப்யூட்டரிடம் தோற்றது அதுதான் முதல் தடவை. காஸ்பரோவ் சமாளித்து எழுந்து 4-2 என்று தொடரை வென்றார். ஐபிஎம் ஆட்கள் ஒரு வருஷம் உட்கார்ந்து அதைப் பலப்படுத்தினார்கள். ஃபெங்-சியுங் ஷூ வடிவமைத்த செஸ்ஸுக்கே உரிய 480 சிப்புகள், நொடிக்கு 20 கோடி நிலைகள் வரை பார்க்கும் வேகம். மதிப்பெண் போடும் பகுதியை கிராண்ட்மாஸ்டர் ஜோயல் பெஞ்சமின் உதவியோடு சீர்திருத்தினார்கள்.

1997 மே மாதம் நியூயார்க்கில் மறுபோட்டி. முதல் ஆட்டத்தை காஸ்பரோவ் ஜெயித்தார். அந்த ஆட்டத்தின் முடிவில், தோற்கும் நிலையில் இருந்த டீப் புளூ தன் 44-ஆவது நகர்த்தலாக யானையை ஒரு சம்பந்தமில்லாத கட்டத்துக்கு நகர்த்தியது. அது புரோகிராமில் இருந்த ஒரு கோளாறு என்று அதை உருவாக்கியவர்களில் ஒருவரான மர்ரி காம்ப்பெல் பல வருஷம் கழித்துச் சொன்னார். என்ன செய்வதென்று முடிவெடுக்க முடியாமல் ஏதோ ஒன்றை ஆடிவிட்டது. ஆனால் அன்றைக்கு காஸ்பரோவ் தரப்புக்கு இது தெரியாது. இவ்வளவு தூரம் முன்னால் பார்த்துத்தான் இப்படி ஆடியிருக்கிறது என்று நினைத்தார்கள்.

இரண்டாவது ஆட்டம். டீப் புளூவுக்கு வெள்ளைக் காய். 37-ஆவது நகர்த்தலில் ராணியை உள்ளே கொண்டுபோய் சிப்பாய்களை அள்ளிக்கொள்ள அதற்கு வழி இருந்தது. காஸ்பரோவ் அதைத்தான் எதிர்பார்த்தார். அதற்குப் பதிலடியும் வைத்திருந்தார். கம்ப்யூட்டருக்குத் தீனி காட்டினால் சாப்பிட வரும் என்பதுதான் அதுவரை எல்லோருக்கும் தெரிந்த பாடம். ஆனால் டீப் புளூ சாப்பிடவில்லை. மந்திரியை அமைதியாக இ4 கட்டத்தில் கொண்டுவந்து வைத்து, காஸ்பரோவின் எல்லாக் கதவையும் சாத்தியது. ஒரு கார்ப்போவ் ஆடியிருக்கவேண்டிய நகர்த்தல்.

காஸ்பரோவ் ஆடிப்போனார். இது இயந்திரம் ஆடியது தானா, உள்ளே யாராவது மனிதர் கைவைத்தாரா என்று சந்தேகப்பட்டார். மாரடோனாவின் "கடவுளின் கை"யைக்கூட உவமை சொன்னார். எட்டு நகர்த்தல் கழித்து ஆட்டத்தை விட்டுக்கொடுத்து எழுந்து போனார்.

இங்கேதான் நான் சொல்லவந்த விஷயம். அந்தக் கடைசி நிலை தோல்வி இல்லை. டீப் புளூ முடிவில் கவனக்குறைவாக ஆடியிருந்தது. காஸ்பரோவின் ராணி உள்ளே புகுந்து செக் மேல் செக் கொடுத்து டிரா செய்ய வழி இருந்தது. ஆட்டம் முடிந்ததும் ரசிகர்களும் ஆய்வாளர்களும் அதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். மறுநாள் அவருடைய ஆட்களே அவரிடம் சொன்னார்கள். டிரா இருந்த நிலையில் ரிசைன் செய்தது அவர் வாழ்க்கையிலேயே அதுவரை நடக்காதது.

ஏன் தேடவில்லை? இவ்வளவு அற்புதமாக ஆடிய இயந்திரம் இப்படி ஒரு எளிய தொடர் செக்கைத் தவறவிட்டிருக்காது என்று நம்பிவிட்டார். இரண்டு நாளில் அவர் ஒரு கோடியிலிருந்து இன்னொரு கோடிக்குப் போய்விட்டார். முதலில் "இதற்கு யோசிக்கத் தெரியாது" என்று நம்பினார். அப்புறம் "இதற்குத் தவறவே தெரியாது" என்று நம்பினார். இரண்டுமே தப்பு. முதல் தப்பில் அவருக்கு நஷ்டமில்லை. இரண்டாவது தப்பில் அரைப் புள்ளியும், அதைவிட முக்கியமாகத் தூக்கமும் போனது.

அடுத்த மூன்று ஆட்டங்கள் டிரா. ஆறாவது ஆட்டத்தில் காஸ்பரோவ் தனக்கு அதிகம் பழக்கமில்லாத காரோ-கான் தடுப்பாட்டத்தை எடுத்து, வரிசையை மாற்றி ஒரு சிப்பாயை முன்கூட்டியே நகர்த்தினார். வெள்ளை அங்கே ஒரு குதிரையைத் தியாகம் செய்யவேண்டும். அது புத்தகத்தில் தெரிந்த விஷயம்தான், ஆனால் அந்தக் காலத்துப் புரோகிராம்கள் உடனடி லாபம் தெரியாமல் காயைக் கொடுக்காது. அந்தத் தைரியத்தில்தான் ஆடினார். ஆனால் டீப் புளூவின் ஆரம்ப நகர்த்தல் தொகுப்பிலேயே அந்தத் தியாகத்தை எழுதிவைத்திருந்தார்கள். யோசிக்காமல் குதிரையைக் கொடுத்தது. 19 நகர்த்தலில் ஆட்டம் முடிந்தது. 3½-2½.

காஸ்பரோவ் மறுபோட்டி கேட்டார். ஐபிஎம் அந்த இயந்திரத்தை மறுபடி ஆடவிடவே இல்லை. 20 வருஷம் கழித்து, 2017-இல் இதைப் பற்றி ஒரு புத்தகம் எழுதியபோது காஸ்பரோவ் தன் பழைய சந்தேகங்களைப் பெரும்பாலும் கைவிட்டு, அன்று தான் மோசமாக ஆடியதை ஒப்புக்கொண்டார். அதற்கு ஒரு மனசு வேண்டும்.

கடைசிக் கதவுகள்

1997-ஓடு எல்லாம் முடிந்துவிட்டது என்று பலரும் நினைக்கிறார்கள். முடியவில்லை. இன்னும் 9 வருஷம் இழுபறி நடந்தது.

2002-இல் பஹ்ரைனில் கிராம்னிக், டீப் ஃபிரிட்ஸோடு 8 ஆட்டங்கள் ஆடினார். அவர் கண்ட வழி ராணிகளைச் சீக்கிரமே வெட்டிக்கொண்டு ஆட்டத்தை வறண்டுபோகச் செய்வது. ராணி இல்லாத பலகையில் கணக்குப் போட அதிகம் இல்லை, பொறுமைக்குத்தான் வேலை. நாலு ஆட்டத்தில் 3-1 என்று முன்னிலை. பிறகு ஐந்தாவதில் ஒரு பெரிய தப்பு. ஆறாவதில் ஆசை வந்துவிட்டது. டொராண்டோவில் லெவிக்கு வந்த அதே ஆசை. குதிரையைத் தியாகம் செய்து அழகாகத் தாக்கினார், தோற்றார். கடைசியில் 4-4.

2003-இல் காஸ்பரோவ் டீப் ஜூனியரோடு 3-3, எக்ஸ்3டி ஃபிரிட்ஸோடு 2-2. இந்த இரண்டாவது தொடரின் மூன்றாவது ஆட்டம் ஒரு பாடநூல். சிப்பாய்களை ஒன்றோடொன்று முட்டவைத்துப் பலகையின் நடுவை மொத்தமாகப் பூட்டிவிட்டார். ஃபிரிட்ஸுக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை. காய்களை முன்னும் பின்னுமாக நகர்த்திக்கொண்டிருந்தது. காஸ்பரோவ் நிதானமாக ஒரு ஓரத்தில் வேலையை முடித்தார். ஆனால் அதே தொடரில் வேறொரு ஆட்டத்தில் அவர் ஒரே ஒரு தப்புச் செய்தார், தோற்றார். கணக்கு சரியாகிவிட்டது.

2005-இல் லண்டனில் ஹைட்ரா என்ற இயந்திரம் மைக்கேல் ஆடம்ஸை 5½-½ என்று நசுக்கியது. உலகின் முதல் பத்து ஆட்டக்காரர்களில் ஒருவர் அவர். 2006 நவம்பரில் பான் நகரில் உலக சாம்பியன் கிராம்னிக் மறுபடி டீப் ஃபிரிட்ஸ். இரண்டாவது ஆட்டத்தில் நன்றாக ஆடிக்கொண்டிருந்தவர், ஒரு நகர்த்தலில் செக்மேட் ஆவதைப் பார்க்கவில்லை. ராணியை இ3-இல் வைத்தார். ஃபிரிட்ஸின் ராணி எச்7-இல் வந்து உட்கார்ந்தது. முடிந்தது. செஸ் கிளாஸில் முதல் மாசம் சேர்ந்த பிள்ளைகளுக்குத் தெரியவேண்டிய மேட். அவர் சோர்ந்தவர் போலவோ பதறியவர் போலவோ அந்த நிமிஷம் வரை தெரியவில்லை. மனித மூளை எப்போதாவது ஒரு நொடி அணைந்துவிடும், அவ்வளவுதான். தொடர் 2-4.

கவனிக்கவேண்டிய ஒன்று: டீப் புளூ நொடிக்கு 20 கோடி நிலைகள் பார்த்தது. பானில் ஃபிரிட்ஸ் ஒரு சாதாரண கம்ப்யூட்டரில் சுமார் 80 லட்சம்தான் பார்த்தது. 2009-இல் புவெனஸ் அயர்ஸில் பாக்கெட் ஃபிரிட்ஸ் 4 ஒரு கைபேசியில் ஓடி, ஒரு போட்டியில் 10-க்கு 9½ எடுத்தது. அது பார்த்தது நொடிக்கு 20 ஆயிரத்துக்கும் குறைவு. ஆக வெறும் வேகம் மட்டும் ஜெயிக்கவில்லை. எதைப் பார்க்கவேண்டாம் என்று தெரிந்துகொண்டதும், மதிப்பெண் போடக் கற்றுக்கொண்டதும்தான் ஜெயித்தன.

கடைசிக் கதவு ஒன்று வேடிக்கையானது. 2008-இல் இணையத்தில் நடந்த மூன்று நிமிஷ ஆட்டத்தில் ஹிகாரு நாகமுரா, அப்போது முன்னணியில் இருந்த ரிப்கா என்ற புரோகிராமை ஜெயித்தார். பலகையை மொத்தமாகப் பூட்டிவிட்டு, காயைச் சும்மா நகர்த்திக்கொண்டே இருந்தார். 50 நகர்த்தல் வரை வெட்டோ சிப்பாய் நகர்த்தலோ இல்லை என்றால் டிரா என்று ஒரு விதி இருக்கிறது. ரிப்காவின் கணக்கில் தன்னிடம் காய் அதிகம், தான் ஜெயித்துக்கொண்டிருக்கிறோம். ஜெயிக்கிற ஆட்டத்தை டிராவில் விடுவதா? 50 நெருங்கும்போது டிராவைத் தவிர்க்க ஒரு சிப்பாயைத் தள்ளி, தன் கோட்டையைத் தானே திறந்தது. நாகமுரா உள்ளே போனார். 270-க்கும் மேற்பட்ட நகர்த்தல்கள். பேராசையால் கெட்டது இயந்திரம்!

அதற்கப்புறம் சமமான ஆட்டம் என்ற பேச்சே நின்றுபோனது. 2016-இல் அதே நாகமுராவுக்கு கொமோடோ என்ற புரோகிராம் சிப்பாயும் முன்நகர்த்தலுமாகச் சலுகை கொடுத்து ஆடியது. மூன்று டிரா, ஒரு தோல்வி. 2017-இல் ஆல்பாஜீரோ, விதிகளை மட்டும் தெரிந்துகொண்டு, தனக்குத்தானே ஆடிக் கற்று, அன்றைய ஸ்டாக்ஃபிஷ்ஷை 100 ஆட்டங்களில் 28 வெற்றி, 72 டிரா, ஒரு தோல்வி கூட இல்லை என்று வென்றது. பூட்டிய பலகை, நீண்டகாலத் திட்டம், தெரியாத லாபத்துக்காகக் காயைக் கொடுப்பது என்று மனிதனுக்கே உரியது என நினைத்த எல்லாம் அதற்கும் வந்துவிட்டது. 2020-இல் ஸ்டாக்ஃபிஷ்ஷும் மதிப்பெண் போட நரம்பணுப் பின்னலைச் சேர்த்துக்கொண்டது. அக்கா மகளின் பட்டையை ஆட்டுவது இந்தப் பரம்பரைதான்.

அப்புறம் மனிதன் என்ன செய்கிறான்?

எதிரியாக நிற்க முடியாதபோது கூட்டாளி ஆகிவிட்டான். 1998-இல் லியோனில் காஸ்பரோவும் டோபலோவும் ஆளுக்கொரு கம்ப்யூட்டரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆடினார்கள். 3-3. அதற்கு ஒரு மாசம் முன்னால் கம்ப்யூட்டர் இல்லாமல் ஆடிய அதிவேக ஆட்டங்களில் காஸ்பரோவ் 4-0 என்று ஜெயித்திருந்தார். கணக்குப் போடுவதில் அவருக்கிருந்த மேன்மையை கம்ப்யூட்டர் சமப்படுத்திவிட்டது. அடுத்த வருஷம் அதே ஊரில் இதே முறையில் ஆனந்த் கார்ப்போவை வென்றார். 2005-இல் யார் வேண்டுமானாலும் எத்தனை கம்ப்யூட்டர் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம் என்று நடந்த இணையப் போட்டியில் ஜெயித்தது கிராண்ட்மாஸ்டர்கள் இல்லை. கம்ப்யூட்டரைக் கேள்வி கேட்கத் தெரிந்த இரண்டு அமெரிக்க அமெச்சூர்கள். எங்கே நம்பவேண்டும், எங்கே சந்தேகப்படவேண்டும் என்று தெரிந்துவைத்திருந்ததுதான் அவர்கள் பலம்.

இதை எழுதும்போது குகேஷ் ஞாபகம் வருகிறார். 2024-இல் 18 வயதில் உலக சாம்பியன் ஆன சென்னைப் பையன். கிராண்ட்மாஸ்டர் ஆகும் வரை அவரை என்ஜின் பக்கமே போகவிடவில்லை அவருடைய பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா. பிள்ளைகள் மூணாம் வகுப்பிலேயே என்ஜினைத் தட்டிப் பார்க்கும் காலத்தில் இது கொஞ்சம் பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். ஆனால் காரணம் இருக்கிறது. விடையை முதலில் பார்த்துவிட்டால் கேள்வியோடு மல்லுக்கட்டத் தோன்றாது. பலகை முன்னால் உட்காரும்போது பட்டை இருக்காது. அங்கே நாம் போட்ட கணக்குதான் நமக்கு.

1997-இல் காஸ்பரோவுக்கு எதிரே ஒரே ஒரு டீப் புளூ இருந்தது. அது தவறாது என்று நம்பியதால் அவர் தேடாமல் எழுந்து போனார். இன்று ஒவ்வொரு பாக்கெட்டிலும் அதைவிடப் பலமான ஒன்று இருக்கிறது, அது உண்மையிலேயே கிட்டத்தட்டத் தவறுவதில்லை. அதனாலேயே நாம் தேடுவதை விட்டுவிடும் ஆபத்து இன்னும் அதிகம். செஸ்ஸுக்கு மட்டும் சொல்லவில்லை.

அன்று ராத்திரி லேப்டாப்பை மூடிவிட்டு, மரப் பலகையை எடுத்து, நியூயார்க் இரண்டாவது ஆட்டத்தின் கடைசி நிலையை அடுக்கினேன். "கறுப்பு ஆடணும். என்ன செய்வே?" என்று கேட்டேன். பட்டை எங்கே என்று கேட்டாள். இல்லை என்றேன்.

கன்னத்தில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். சாப்பிடக் கூப்பிட்டார்கள், வரவில்லை. அரை மணி நேரம் கழித்து, "மாமா, எனக்குத் தெரியல. நானா இருந்தாலும் ரிசைன் பண்ணியிருப்பேன்" என்றாள்.

"சரி, சாப்பிட வா" என்றேன். விடையைச் சொல்லவில்லை. பலகையைக் கலைக்கவும் இல்லை.

காலையில் நான் எழுந்து பார்த்தபோது கறுப்பு ராணி இ3-இல் நின்றுகொண்டிருந்தது.